அறுபத்து மூன்றாம் நம்பர் பை

கொக்கி ஒன்று காலியாக இருந்தது.

லீலா மறுபடியும் விரல் வைத்து எண்ணினாள். பலகையில் வரிசைக்கு இருபது கொக்கி, ஐந்து வரிசை, கொக்கிக்கு ஒரு பித்தளை டோக்கன். ஆக நூறு இருக்க வேண்டும். அறுபத்து மூன்றாம் நம்பர் கொக்கியில் மட்டும் எதுவும் தொங்கவில்லை. இதில் என்ன பெரிய அதிசயம், கடைக்குள் ஆள் இருந்தால் கொக்கி காலியாகத்தானே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம்தான். ஆனால் ஆமினா அண்ட் சன்ஸ் கடைக்குள் பதினோரு நாளாக ஈ காக்கா வரவில்லை.

காலையில்தான் நூறு டோக்கனையும் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, நம்பர் பார்த்து மாட்டியிருந்தாள். எடைக்குப் போடுகிற பித்தளைக்கு எதற்கு இந்தச் சீராட்டு என்று முதலாளி மகன் நிஹால் சிரித்தான். சிரிக்கட்டும். முப்பத்து மூன்று வருஷம் அவள் கைபட்ட பித்தளை. எடைக்குப் போனாலும் மூஞ்சி கழுவிக்கொண்டு போகட்டும்.

மேசைக்கு அடியில் தேடினாள். இழுப்பறையைக் கவிழ்த்தாள். சேலை மடிப்பைக்கூட உதறிப் பார்த்தாள்.

"எங்கிட்டுப் போய்த் தொலைஞ்சுச்சு சனியன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அலமாரிகளை எல்லாம் வத்தலக்குண்டு வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதால் கூடம் வெறிச்சென்று கிடந்தது. அவள் சொன்னது நாலு சுவரிலும் பட்டு, கொஞ்சம் தாமதித்து, அவளிடமே திரும்பி வந்தது.

கடையின் பெயரில் சன்ஸ் என்று இருந்ததே தவிர, ஆமினாவுக்குப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான், பாவா. பாவாவின் அத்தா பழனியிலிருந்து கம்பளி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறி வந்தவர். மிஷன் பங்களாக்களின் வாசலில் நின்று விற்று, பிறகு பஜார் முக்கில் ஒரு பெட்டிக்கடை, பிறகு இந்தக் கட்டடம். கீழே மளிகை, ஜாம், சீஸ், ஊசி நூல்; நடு மாடியில் ஹாஸ்டல் பிள்ளைகளின் யூனிஃபார்ம்; மேல்மாடியில் ஸ்வெட்டர், சால்வை, கம்பளி. ஒரு காலத்தில் புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் ஏரியைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இங்கே வந்து ஒரே நிறத்தில் இரண்டு குரங்குக் குல்லாய் வாங்கி மாட்டிக்கொண்டுதான் மலையிறங்குவார்கள். சீசன் நாளில் மேல்மாடிப் பலகை அதிர்கிற அதிர்வில் கீழே ஜாம் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும்.

வத்தலக்குண்டில் ஏசி போட்ட கடை ஒன்று வந்தபோது பாவா சிரித்தார். "நம்ம ஊர்ல ஊரே ஏசி, அங்க போய் எவன் குளுருக்கு நிப்பான்?" என்றார். கொடைக்கானல்காரனே பஸ் ஏறிப் போய் நின்றான். அப்புறம் ஏரிக்கரையில் வரிசையாக ஸ்வெட்டர் கடைகள். அப்புறம் கையில் இருக்கிற போனிலேயே கடை. நாற்பது பேர் வேலை பார்த்த இடத்தில் கடைசியாக மிஞ்சியது லீலா ஒருத்தி.

அவள் வேலை வாசல் மேசையில். வருகிறவர்களிடம் பையையோ குடையையோ வாங்கிப் பின்சுவரில் நம்பர் போட்ட மாடத்தில் வைத்து, அதே நம்பர் டோக்கன் கொடுக்க வேண்டும். கையை வீசிக்கொண்டு வருகிறவர்களும் சும்மா ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் மாடியேற வேண்டும். பாவா முதலாளி வைத்த சட்டம் அது. சாயங்காலம் கடை அடைக்கும்போது மாடி மாடியாக ஆள் அனுப்பித் தேட மாட்டார். "துணி மாத்துற ரூம்ல பொம்பளைங்க இருப்பாங்க. கதவைத் தட்டி வெளிய வான்னு சொல்றது மரியாதையா?" என்பார். அதற்குப் பதிலாக வாசலில் நின்று லீலாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "போர்டு நிறைஞ்சிருச்சாம்மா?" அவள் நிறைஞ்சிருச்சுங்க என்றால் மெயின் சுவிட்சை அணைத்து ஷட்டரை இறக்கிவிடுவார்கள். அவள் வாய்ச்சொல்தான் பூட்டு. அந்த நம்பிக்கையை நினைத்தால் அந்தக் காலத்தில் அவளுக்கு நெஞ்சு நிமிரும்.

பகல் இரண்டு மணிக்கு நிஹால் கிளம்பினான்.

"லீலாக்கா, ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிட்டு அஞ்சு மணிக்கு வந்து ஷட்டரை எறக்கிருவேன். அப்படியே மதுரை போகணும், விடியக்காலை ஃபிளைட். நீங்க வெள்ளனே கெளம்புறதுன்னாலும் கெளம்புங்க."

"இருக்கேன் தம்பி. வீட்டுல போய் என்ன செய்யப் போறேன்? அப்பறம் எப்பத் தெறப்பாங்க?"

"வாங்குனவங்க தை பொறந்துதான் இடிக்கிற வேலையை ஆரம்பிக்கிறாங்களாம். மழையில ஒண்ணும் செய்ய முடியாதுல்ல. அதுவரைக்கும் பூட்டித்தான் கெடக்கும்." மாடிப்பக்கம் கை காட்டினான். "மேல ஸ்வெட்டர் எதுனாச்சும் வேணும்னா எடுத்துக்கங்கக்கா. கொரோனாவுக்கு முன்னாடி அடைச்சது, பூச்சி அரிச்சிருக்கும். சாவி அந்த ஆணியிலதான் தொங்குது."

"எனக்கு எதுக்குத் தம்பி" என்று சிரித்தாள். ஆணிப் பக்கம் திரும்பவில்லை.

அவன் கார் சரிவில் திரும்பிய சத்தம் அடங்கியதும் பஞ்சு அடைத்தாற்போல் ஒரு அமைதி. ஐப்பசி மூடுபனி மூன்று மணிக்கெல்லாம் பஜாரை விழுங்கிவிட்டது. எதிரே பேக்கரியின் பெயர்ப்பலகை முதலில் மங்கி, பிறகு எழுத்து எழுத்தாகக் கரைந்து, கடைசியில் அங்கே ஒரு பேக்கரி இருந்ததற்கு ரொட்டி வாசனை மட்டும் சாட்சியாக நின்றது. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் பனி தவழ்ந்து உள்ளே வந்து, அலமாரிகள் நின்ற இடத்துச் சதுரக் கறைகளின் மேல் படுத்தது. கரண்டு கனெக்‌ஷனை முந்தின நாளே வெட்டிவிட்டார்கள். அந்துருண்டை வாசனை, ஈர அட்டைப்பெட்டி வாசனை, எலிப்புழுக்கை வாசனை. இதெல்லாம் அவளுக்குப் பழகியது. இவற்றுக்கு நடுவே இன்னொன்றும் வந்தது.

பூண்டு.

மண்ணோடு பிடுங்கிய மலைப்பூண்டு வாசனை, தாளும் வேருமாக, இப்போதுதான் காட்டிலிருந்து கொண்டுவந்து இறக்கிய மாதிரி.

அவள் திரும்பாமலே இருந்தாள். திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. பின்னால் அறுபத்து மூன்றாம் மாடத்தில் ஒரு கட்டைப்பை இருக்கிறது. ஐந்தரை வருஷமாக இருக்கிறது. அதற்குள் இருந்த பூண்டு எப்போதோ காய்ந்து சருகாகி, தூக்கினால் சலசலவென்று தோல் உதிரும். போன வாரம்கூடத் தொட்டுப் பார்த்தாள். அதற்கு வாசனையே கிடையாது.

இப்போது அந்தப் பையைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஊரடங்கு ஆரம்பித்த அன்றைக்கு, 2020 மார்ச் இருபத்து நாலாம் தேதி, சாயங்காலம் ஆறு மணிக்குள் எல்லாம் மூட வேண்டும் என்று ஜீப்பில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். நாலு மணிவாக்கில் மலைக்கிராமம் கவுஞ்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். லீலா வயதுதான் இருக்கும். கட்டைப்பையில் பூண்டு, அதை விற்ற மிச்சம்.

"யக்கா, ஒரு சொட்டர் வாங்கணும். பஸ்ஸு நிக்குமா?" என்றாள்.

"நிக்கும், வெரசாப் பாத்துட்டு வாங்க. யாருக்கு, பிள்ளைகளுக்கா?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எனக்குத்தேன் யக்கா. எனக்குன்னு ஒண்ணும் வாங்கிக்கிட்டதே இல்ல. வீட்டுல நா ஒருத்திதேன். எனக்குப் போயி எவ வாங்கித் தருவா?"

லீலா அறுபத்து மூன்றைக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மாடியேறிப் போனாள்.

ஐந்தரை மணிக்கு ஒரு போலீஸ்காரர் லத்தியால் ஷட்டரைத் தட்டினார். விற்பனைப் பெண்கள் மேல்மாடி மடக்குக் கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க விழுந்தடித்து ஓடினார்கள். பாவா முதலாளி, அத்தனை வருஷத்தில் ஒருநாள் குரலை உயர்த்தாத மனுஷன், அன்றைக்குக் கத்தினார். "போர்டு நிறைஞ்சிருச்சா லீலா?" பலகையில் ஒரு கொக்கி காலி. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு சுற்றுலாக்காரன் அறுபத்து மூன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட, புதிதாக ஒன்று வெட்டி வாங்கியிருந்தார்கள். பத்தே நாளில் மன்னிப்புக் கடிதத்தோடு பழையது தபாலில் திரும்பி வந்தது. ஆக, அறுபத்து மூன்று இரண்டு இருந்தது. பழையது கொக்கிக்கே திரும்பிவிட, புதிது இழுப்பறையில் கிடந்தது.

பையை மறந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள் என்று லீலா நினைத்தாள். இல்லை, நினைத்துக்கொண்டாள். இழுப்பறையிலிருந்ததை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள்.

"நிறைஞ்சிருச்சுங்க முதலாளி."

ஷட்டர் இறங்கியது. ஆறு மாதம் கழித்துத்தான் ஏறியது.

திறந்த அன்றைக்கு பாவா சொன்னார்: "இருக்குற ஆளுக்குக் கீழ் மாடியே சாஸ்தி. மேல இருக்கறது மேலேயே கெடக்கட்டும். லீலாம்மா, ஒரு எட்டு மேல போய் எலி கிலி கடிச்சிருக்கான்னு பாத்துட்டு வா." லீலா சாவியை எடுத்துக்கொண்டு நடு மாடி வரைக்கும் போனாள். மேல்மாடிப் படியின் முதல் படியில் நின்றாள். ஒருத்தர் மேலே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். இறங்கி வந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். அடுத்த வருஷம் பாவா மூச்சுத் திணறி இறந்துபோனார். அவளை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார். நிஹாலுக்கு மேல்மாடிக்குப் போய்ப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

இதுதான் சங்கதி. காலையில் அவள் புளி போட்டுத் தேய்த்து மாட்டியது அந்த இழுப்பறை டோக்கன். இப்போது அதைக் காணோம்.

மணி நாலு இருக்கும். தலைக்கு மேலே பலகை ஒன்று முனகியது.

மரம் குளிருக்கு முனகும். அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் மரம் ஒரே இடத்தில் முனகும். இது நகர்ந்தது. ஜன்னல் பக்கமிருந்து நடுக் கூடத்துக்கு வந்தது, அங்கே நின்றது, பொருட்களைத் தூக்கிப் பார்த்து விலை விசாரிக்கிற மாதிரி அங்கங்கே நின்று நின்று வந்தது, பிறகு மூலைக்குப் போனது. அந்த மூலையில்தான் கயிற்றுப்பெட்டி இருக்கிறது. மேலே கட்டின சாமானை மரப்பெட்டியில் வைத்து மணியடித்தால் கீழே இருப்பவர் கயிற்றை இழுத்து இறக்கிக்கொள்வார். கடை நன்றாக ஓடிய காலத்தில் நாளைக்கு நூறு தடவை அந்த மணி அடிக்கும்.

இப்போது அடித்தது.

ஒரே ஒரு தடவை. டிங்.

லீலாவின் கால் ஷட்டர் பக்கம் திரும்பியது. வெளியே போய்விட்டால் என்ன? ஐந்து மணிக்கு நிஹால் வருவான், பூட்டுவான், போவான். தை வரைக்கும் ஒருவரும் வரப்போவதில்லை. அதற்குப் பிறகு இடித்தால் இடிக்கட்டும், எது கிடைத்தாலும் கிடைக்கட்டும், அவளை யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஷட்டருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தும்விட்டாள். குனிந்தவளுக்கு அந்தப் பெண்ணின் முகம் வந்தது. டோக்கனை இரண்டு கையாலும் வாங்கிய விதம் வந்தது. எனக்குப் போயி எவ வாங்கித் தருவா.

"பாவி நான்" என்றாள் லீலா. கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டாவது தடவையும் வச்சுப் பூட்டிட்டா போவேன்?"

திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

கனத்தது. நாலைந்து கம்பளிக் கட்டைச் சேர்த்து அடைத்தது போல் கனம். கப்பி கிறீச்சிட, கயிறு உள்ளங்கையைச் சுட, ஒரு முழம் ஒரு முழமாக இறக்கினாள். பாதியில் உள்ளே ஏதோ இடம் மாறி உட்கார்ந்த மாதிரி பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நேரானது. கீழே வந்து தட்டியது. மரக்கதவைத் திறந்தாள்.

பெட்டிக்குள் டோக்கன் ஒன்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

பழைய டோக்கன். புதிதாக வெட்டியது வழுவழுவென்று இருக்கும். இதில் அறுபத்து மூன்றுக்குக் கீழே வருஷக்கணக்கில் விரல் தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம். எடுத்தாள். சூடாக இருந்தது. உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்திருந்து அப்போதுதான் விட்ட சூடு.

அப்புறம் நடந்தது கைப்பழக்கம். முப்பத்து மூன்று வருஷம் செய்ததை அவளைக் கேட்காமலே கை செய்தது. டோக்கனைக் கொக்கியில் மாட்டியது. மாடத்திலிருந்து கட்டைப்பையை எடுத்து, வாங்குகிறவர் பக்கம் கைப்பிடி இருக்கும்படி மேசைமேல் வைத்தது. பை கனமாக இருந்தது. அதை அவள் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

நடு மாடியில் காலி கம்பிகளில் ஹேங்கர்கள் மட்டும் வரிசையாகத் தொங்கின. காற்றே இல்லை, அவள் கடந்து போனதும் ஒவ்வொன்றாக மெல்ல ஆடி, ஒன்றையொன்று தொட்டு, நின்றன. மேல்மாடிப் படியில் அன்றைக்கு நின்ற அதே முதல் படி. இந்தத் தடவை நிற்கவில்லை. பன்னிரண்டு படி. மேலே மடக்குக் கதவு, பெரிய பூட்டு, பூட்டின்மேல் ஐந்தரை வருஷத் துரு. சாவி மூன்றாவது முறுக்கில் திரும்பியது. கதவைத் தள்ளினாள், துருத்தூள் முகத்தில் கொட்டியது.

"அம்மா" என்றாள். பேர்கூடத் தெரியாது. "அம்மா, நாந்தேன். கீழ டோக்கன் குடுத்தவ. தெறந்துட்டேன், வந்துருங்கம்மா."

கண்ணாடி ஜன்னலில் பனி வெள்ளையாக அப்பிக்கொண்டு கூடத்துக்குப் பால் மாதிரி ஒரு வெளிச்சம் கொடுத்தது. பூச்சி ஒன்றும் அரிக்கவில்லை. ஸ்வெட்டர்கள் எல்லாம் மடித்து, அடுக்கி, நிறம் பார்த்து வைத்திருந்தது. விற்பனைப் பெண்கள் இப்படி அடுக்கி அவள் பார்த்ததே இல்லை. பிரித்துப் பிரித்து மடித்தவை. வேறு வேலை இல்லாத யாரோ, முடிந்ததும் முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து மடித்தது போல. ஒரு மூலையில் கூரை ஒழுகும் இடத்தில் ஜாம் டின்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர்.

ஜன்னலடியில் கம்பளிகளைக் குவித்து ஒரு படுக்கை. நடுவில் ஒரு ஆள் சுருண்டு படுத்த பள்ளம்.

எலும்பு இல்லை. சேலைத் துணி இல்லை. ஆள் இல்லை.

லீலா குனிந்து பள்ளத்தில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தூசி படிந்து கிடந்தது, ஒரே ஒரு இடம் தவிர. உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகம் இருக்கும் உயரத்தில், தட்டு அகலத்துக்கு, துடைத்துத் துடைத்துத் தெளிந்த ஒரு வட்டம். அதைச் சுற்றிலும் கைமுட்டி பட்ட தடங்கள். நூறா, ஆயிரமா. லீலா முழங்காலிட்டு அந்த வட்டத்தில் கண்ணை வைத்தாள். பனி சற்றே விலகியது. சரிவில் தகரக்கூரை வீடுகள் வரிசை. அதில் மூன்றாவது வாசல் நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில்.

அவள் வீடு.

ஊரடங்கில் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த வாசலில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். பேச ஆள் இல்லை, போக இடம் இல்லை. காட்டுமாடுகள் தெருவில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு, கடையின் மேல்மாடிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, இருட்டும் வரைக்கும். மூன்றாம் நாள் சத்தம் கேட்டது. தட். தட். தட். கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். குரங்கு என்று சொல்லிக்கொண்டாள். நாலாம் நாளும் கேட்டது. குரங்குதான். கடைச் சாவி பாவா முதலாளியிடம் இருந்தது, அவர் வீடு அடுத்த தெரு. போய்ச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் என்னவென்று சொல்வது? முதலாளி, நான் பொய் சொன்னேன் என்றா? பதினேழாம் நாள் வரைக்கும் கேட்டது. பதினெட்டாம் நாள் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இங்கே உட்கார்ந்து அந்தப் பெண் அதையும் பார்த்திருக்கிறாள்.

கீழே கார் ஹாரன் அடித்தது. தெருவாசல் மறுபக்கம்; கார் இங்கிருந்து தெரியாது.

"லீலாக்கா! இன்னும் இருக்கீங்களா?"

நிஹால். லீலா எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

"இந்தா வந்துட்டேன் தம்பி" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

அவள் குரல். அவளுடைய இழுப்பு, அவளுடைய கரகரப்பு.

"மேல எதுவும் எடுத்துக்கிட்டீங்களா?"

"ஒரே ஒரு சொட்டர் எடுத்துக்கிட்டேன். எல்லாம் ஆச்சு தம்பி, நீங்க பூட்டுங்க."

"பை கனமா இருக்கே, குடுங்க. வீட்டுல எறக்கி விட்டுட்டுப் போறேன்."

லீலா கத்தினாள். கத்திக்கொண்டே படிக்கு ஓடினாள். பன்னிரண்டு படி. ஹேங்கர்கள். இருட்டு. முழங்கால் எங்கோ இடித்தது. நடு மாடியில் இருக்கும்போதே ஷட்டர் இறங்கும் சத்தம், பெருமழை தகரத்தில் விழுவது போல் கட்டடம் முழுக்க உருண்டு அடங்கியது. கூடத்தில் கும்மிருட்டு. கையால் தடவிக்கொண்டே போனாள். மேசை. மேசைமேல் பை இல்லை. இழுப்பறையில் வைத்த போன் இல்லை. வீட்டுச் சாவி இல்லை. ஷட்டரை இரண்டு கையாலும் அறைந்தாள். கார் கிளம்பும் சத்தம். "தம்பி! தம்பி!" கார் சரிவில் திரும்பும் சத்தம்.

அப்புறம் ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் கழித்து மேலே ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. போவதற்கு வேறு இடமில்லை. வெளிச்சம் இருந்தது அங்கே மட்டும்தான்.

பனி விலகியிருந்தது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்து மஞ்சள் வெளிச்சத்தில் சரிவு முழுக்கத் துல்லியமாகத் தெரிந்தது. மூன்றாவது வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே லைட் எரிந்தது. வாசலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். லீலாவின் சேலை. லீலாவின் கொண்டை. மேலே ஒரு புது ஸ்வெட்டர், நல்ல சிவப்பு. லீலா ஒருநாளும் போட்டிருக்க மாட்டாள், அப்படி ஒரு சிவப்பு.

லீலா முட்டியால் கண்ணாடியைத் தட்டினாள். தட். தட். தட்.

பக்கத்து வீட்டு முருகம்மாள் குடத்தோடு வந்தாள். பதினைந்து வருஷமாகப் பக்கத்து வீடு. குழாயடியில் "என்ன லீலா" என்பாள், அதோடு சரி. நின்று பேசியது கிடையாது. இன்றைக்கு நின்றாள். வாசலில் இருந்தவள் ஏதோ சொன்னாள். முருகம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். ஸ்வெட்டரின் கையைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் இருந்தவள் இன்னும் ஏதோ சொல்ல, முருகம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

லீலா இரண்டு கையாலும் அடித்தாள். பெயர் சொல்லிக் கத்தினாள். முருகம்மாள் சிரிப்பை நிறுத்தி, நெற்றியில் கைவைத்து மேலே பார்த்தாள். மேல்மாடி ஜன்னலையே பார்த்தாள். பக்கத்தில் இருப்பவளிடம் என்னவோ கேட்டாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள், அன்றைக்கு லீலா தனக்குச் சொல்லிக்கொண்ட அதே வார்த்தையாக இருக்கும். முருகம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு சிவப்பு ஸ்வெட்டர்க்காரி உள்ளே போய் இரண்டு தம்ளர் டீ கொண்டுவந்தாள். ஒன்றை முருகம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஒதுங்கி இடம்விட்டாள். முருகம்மாள் அவள் பக்கத்தில், தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள். இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.